குளோரினின் அணு நிறை 35.45 என்றால், ஒரு மோல் குளோரின் எத்தனை கிராம்?

கேள்வி

வணக்கம். மோல் கணக்குகளைச் சூத்திரத்தில் இட்டு விடை கண்டுவிடுகிறேன். ஆனால் அந்தச் சூத்திரம் ஏன் சரியாக வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. குளோரினின் அணு நிறை 35.45 அணு நிறை அலகு என்றும், ஒரு மோல் குளோரின் அணுக்களின் நிறை 35.45 கிராம் என்றும் படிக்கிறோம். கண்ணுக்கே புலப்படாத ஓர் அணுவுக்கும் தராசில் நிறுக்கக்கூடிய ஓர் அளவுக்கும் ஒரே எண் அமைந்தது தற்செயலா? மேலும், அணுவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் முழு எண்ணிக்கையில்தானே இருக்க முடியும்? பிறகு அந்த 0.45 எங்கிருந்து வந்தது?

பதில் 1

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 35.45 அலகு நிறையுள்ள குளோரின் அணு எங்கும் கிடையாது. இயற்கையில் கிடைக்கும் குளோரின், 34.969 அலகு நிறையுள்ள ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணு வகை) 75.76 விழுக்காடும், 36.966 அலகு நிறையுள்ளது 24.24 விழுக்காடும் கலந்த கலவை. ஒவ்வொன்றையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டினால் 26.49 + 8.96, அதாவது 35.45 வரும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதுவது பலரும் செய்யும் பிழை.

ஐசோடோப்பின் நிறையும் 35 என்று முழு எண்ணாக இல்லாமல் 34.969 ஆக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 35 என்னும் நிறை எண், புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கை. அணு நிறை என்பது அளவீடு. உட்கருத் துகள்கள் பிணையும்போது நிறையில் ஒரு சிறு பகுதி ஆற்றலாக வெளியேறிவிடுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கும். கார்பன்-12 மட்டும் மிகச் சரியாக 12 ஆக இருப்பதற்குக் காரணம், அதையே அளவுகோலாக நாம் வைத்துக்கொண்டதுதான்.

பதில் 2

முதல் கேள்விக்கு வருகிறேன். தற்செயல் அன்று, அப்படி அமையும்படியே ஒரு மோலில் இருக்க வேண்டிய துகள்களின் எண்ணிக்கை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு அணு நிறை அலகு ஏறத்தாழ 1.6605 × 10⁻²⁴ கிராம். அப்படியானால் ஒரு கிராமுக்குள் எத்தனை அலகுகள் அடங்கும் என்று வகுத்துப் பாருங்கள்: 6.022 × 10²³. அவகாட்ரோ எண் என்று நாம் மனப்பாடம் செய்வது இதைத்தான். ஓர் அணுவின் நிறையை அலகில் எழுதி, அத்தனை அணுக்களை எடுத்துக்கொண்டால், எண் மாறாமல் அலகு மட்டும் கிராமாக மாறிவிடுகிறது. கிராமுக்குப் பதிலாக வேறொரு நிறை அலகை நாம் பின்பற்றியிருந்தால், இந்த எண்ணும் வேறாக இருந்திருக்கும்.

அவகாட்ரோவுக்கே இந்த எண் தெரியாது என்பது சுவையான செய்தி. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்பதே 1811-இல் அவர் முன்வைத்த கருத்து. எண்ணுக்கு அவர் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன், ஆண்டு 1909.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியென்றால் 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே மோலின் வரையறை என்று எழுதலாமா?

பதில் 2

அது பழைய வரையறை. 2019 மே 20 முதல், சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் கொண்டது ஒரு மோல் என்று எண்ணையே நிலைநிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரு மோல் கார்பன்-12-இன் நிறை 12 கிராம் என்பது இப்போது அளந்தறிய வேண்டிய மதிப்பாகிவிட்டது. வேறுபாடு மிக மிக நுண்ணியது என்பதால் உங்கள் கணக்குகளை அது தொடாது.

அதைவிட, உங்கள் தலைப்பில் இருக்கும் தெளிவின்மைதான் மதிப்பெண்ணைக் குறைக்கும். வெறுமனே "ஒரு மோல் குளோரின்" என்றால் எந்தத் துகளை எண்ணுகிறோம் என்பது தெரிவதில்லை. அணுக்கள் என்றால் 35.45 கிராம், குளோரின் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்திருப்பதால், மூலக்கூறுகள் என்றால் 70.90 கிராம்.