லேபிள் அடிக்கக் கொடுத்து மாட்டிக்கிட்ட கதை இருந்தா சொல்லுங்க

ஊறுகாய்ப்பானை
அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பிரஸ். 20,000 லேபிள், ரோலா. அவர் போன் பண்ணி, “ரோலைச் சுத்துற வைண்டிங் எப்படி சார்? இடது ஓரம் முன்னாடி வரணுமா, வலதா?”ன்னார். நான் பாடி சிக்னல்ல நிக்கிறேன், பின்னாடி பஸ்காரன் ஹாரன். “எப்படியோ ஒண்ணு, வெள்ளிக்கிழமை கொடுத்துடுங்க”ன்னு வெச்சுட்டேன்.

மெஷின்ல மாட்டி ஓட்டினா, பாட்டில் வரிசையா வருது, ஒவ்வொண்ணுலயும் பிள்ளையார் தலைகீழா. 40 பாட்டில் போனப்புறம்தான் பையன் சுவிட்சை அணைச்சான். அம்மா எட்டிப் பார்த்துட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மொத்த ரோலும் வீண்.

நங்கநல்லூர் பொடிக்கடை
எனக்கு பாரிஸ் கார்னர்ல. “மை ரிப்பனே வேண்டாம்மா, டைரக்ட் தெர்மல் போட்டுக்கோங்க, செலவு மிச்சம்”னு கொடுத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மாமி போன்: “பருப்புப் பொடில தேதியே இல்லையேடி!” எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் எழுத்து வெளுத்துப் போயிருக்கு. ரோலைத் தூக்கிட்டுப் போனேன். அங்கே வேலை பார்க்கிற பெரியவர் ஒண்ணும் பேசல, கட்டைவிரல் நகத்தால லேபிள் மேல ஒரு கீறு. கருப்புக் கோடு விழுந்துது. “சூடு பட்டா கறுக்கிற பேப்பரும்மா இது, நகம் தேய்ச்ச சூடே போதும்.” அந்தக் கோடு இன்னும் கண்ணுல நிக்குது. மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டாங்க.

பிரஸ்ல பிறந்தவன்
பானை சார், ரோல் எங்கே வீண்? ரீவைண்டர்ல ஒரு தடவை திருப்பிச் சுத்தினா உள்ளே இருக்கிற கடைசி லேபிள் வெளியே வரும், பின் ஓரம் முன் ஓரமாயிடும், பிள்ளையார் நிமிர்ந்துடுவார். அரை மணி வேலை. அவர் கேட்டப்போ நீங்க பதில் சொல்லல, அதை மறந்துடாதீங்க.

பொடிக்கடை அக்கா, டைரக்ட் தெர்மல் மட்டம் இல்ல. கூரியர் பார்சலுக்கு அதுதான் சரி, நாலு நாள்ல கிழிச்சுப் போடுறது. மாசக்கணக்குல அலமாரில நிக்கிற எண்ணெய்ச் சரக்குக்குத்தான் ஆகாது. சாதா குரோமோ, அதான் வழவழ பேப்பர்னா, மெழுகு மை இருக்கிற வேக்ஸ் ரிப்பன் போதும். பிளாஸ்டிக் பிலிம் மேல வேக்ஸ் அடிச்சா விரல்லயே அழியும், அதுக்கு ரெசின் ரிப்பன்.

இன்னும் சொல்றேன். மேசை பிரிண்டருக்கு வாங்கினா கோர், அதான் ரோல் நடுவுல இருக்கிற குழல், 1 இஞ்சான்னு பாருங்க, 3 இஞ்ச் கோர் பெரிய மெஷினுக்கு. “50க்கு 25”ன்னு மட்டும் சொல்லாதீங்க, எது அகலம்னு சொல்லுங்க. டூ-அப்னா பக்கத்துல பக்கத்துல ரெண்டு லேபிள், விலை கேக்கும்போது குழம்பாதீங்க. பார்கோடை சிவப்புல கேக்காதீங்க, ஸ்கேனர் வெளிச்சமே சிவப்பு, அதுக்குக் கோடு வெள்ளையாத்தான் தெரியும். இட்லி மாவு பாக்கெட்டை ஃபிரிட்ஜ்ல வெச்சு, வேர்த்தப்புறம் ஒட்டிட்டு “பசை சரியில்ல”ன்னு சண்டைக்கு வராதீங்க. இந்தக் கடைசி ஒண்ணுக்கு மட்டும் வாரம் ரெண்டு போன் வருது எனக்கு.

கிண்டி கணக்குப்பிள்ளை
யாரும் கேக்காத லிஸ்ட் 😀 என் கதை சின்னது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முதலாளி ஷாப் ஃப்ளோர்ல கத்துறார்: “கிஸ் கட் ஆழமாப் போச்சுடா!” நான் சிரிச்சுட்டேன். ஒருத்தரும் சிரிக்கல. வெட்டுற டை, மேல் பேப்பரை மட்டும் வெட்டி, அடியில பசையை மூடியிருக்கிற லைனரைத் தொட்டும் தொடாம நிக்கணுமாம். அது லைனர்லயும் கோடு போட்டுடுச்சு. வாங்கினவங்க மெஷின்ல பத்து லேபிளுக்கு ஒரு தடவை பட்டுனு அறுந்து, மொத்தமும் திரும்பி வந்துது. கிரெடிட் நோட் போட்டது நான்தான்.

ஊறுகாய்ப்பானை
ரீவைண்ட் விஷயத்தை ஆறு மாசம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம். ரோலைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போடப் போனேன். லைனர்ல சிலிகான் இருக்குன்னு அவரும் வேண்டாம்னுட்டார். பிள்ளையார் படம், குப்பைல போடக் கூடாதுன்னு அம்மா. பரண்ல இருக்கு. நாளைக்கே இறக்குறேன்.