கினிப் பன்றிக்கு உலர்புல்: பச்சையாக இருந்தால் மட்டும் போதாது

முதலில் பெயர்க் குழப்பம் தீரட்டும். உலர்புல்லை ஆங்கிலத்தில் ‘ஹே’ என்பார்கள். அதை வைக்கோல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வைக்கோல் மணியை அடித்தெடுத்த பின் மிஞ்சும் வெறும் தாள். கீழே விரிக்கலாம், தீவனமாகாது. உலர்புல் மணி முற்றுமுன் இலையோடு அறுத்துக் காயவைத்தது. கினிப் பன்றி உண்பதில் ஏறக்குறைய 80 சதவீதம் இதுவாக இருக்க வேண்டும். தினம் அதன் உடம்பளவு ஒரு குவியலாவது போடுங்கள். கூண்டில் புல் தீர்ந்துபோகவே கூடாது.

*

மூட்டையின் மேல்புறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுங்கள். இறுக்கிப் பிடித்து விட்டால் மெல்ல விரிய வேண்டும். கட்டியாகவே நின்றால் ஈரம் போகவில்லை. பொடியாக உதிர்ந்தால் இலை நொறுங்கிய பழைய சரக்கு.

அடுத்தது மூக்கு. நல்ல புல்லில் தேயிலை போல இனிய வாசம் வரும். ஈரத்துணியை மூடிவைத்த வாடை என்றால் பூஞ்சணம். கருகிய வெல்லம், புகையிலை மாதிரி வாசம் என்றால் ஈரத்தோடு கட்டி உள்ளே சூடேறிய புல். பிரித்தால் நடுப்பகுதி பழுப்பாக இருக்கும். பிரிக்கும்போதே சாம்பல் தூள் புகைபோலக் கிளம்பினால் அது பெரும்பாலும் பூஞ்சண வித்து. உதறிவிட்டுப் போடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், மூட்டையோடு தள்ளுங்கள். மூச்சுத்தொல்லை கினிப் பன்றிகளுக்குச் சீக்கிரம் முற்றிவிடும்.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். வெயில் பட்ட ஓரம் வெளுத்திருப்பது குற்றமல்ல.

*

உலர்புல்லாக விற்கும் புல்வகைகளில் ஒன்று திமோத்தி. அதில் எந்த அறுப்பு, அதாவது பருவத்தில் எத்தனையாவது முறை அறுத்தது என்று கேட்டு வாங்குங்கள். முதல் அறுப்பில் தண்டும் கதிரும் அதிகம், நார் அதிகம். இரண்டாம் அறுப்பில் தண்டும் இலையும் சமமாக இருக்கும். வளர்ந்த விலங்குக்கு வழக்கமாகப் போட இதுவே வசதி. மூன்றாம் அறுப்பு பஞ்சுபோல மென்மை, விரும்பித் தின்னும், ஆனால் மெல்லும் வேலை குறைவு.

அந்த வேலைதான் முக்கியம். முன்பல், கடைவாய்ப்பல் எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டிருப்பவை. பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தேய வேண்டும். தேயாவிட்டால் கீழ்க் கடைவாய்ப்பற்கள் உள்பக்கம் சாய்ந்து நாக்கின் மேல் பாலம் போட்டுவிடும். பசி இருக்கும், விழுங்க முடியாது. வாரம் ஒருமுறை கிராம் கணக்கில் எடை பார்த்தால்தான் இது முன்கூட்டியே பிடிபடும்.

*

மூன்றாம் அறுப்பை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. வயதானதற்கும், பல் சிகிச்சை முடிந்து வந்ததற்கும் தின்னத் தொடங்க அதுதான் கைகொடுக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாம் அறுப்பைக் கலக்கலாம். திமோத்தி கிடைக்காவிட்டால் ஆர்ச்சர்ட் புல்லும் சரியே.

முதல் அறுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. விறைப்பான தண்டு கண்ணில் குத்தும். புல்லை நன்றாக உதிர்த்துத் தளர்த்திப் போடுங்கள். கண் கலங்கி வெள்ளை படர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

*

குதிரை மசால் (அல்ஃபால்ஃபா) புல்லே அல்ல, பயறு இனம். புரதமும் கால்சியமும் அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினை, பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு அன்றாடம் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேரும் ஆபத்து. கலப்பு மூட்டைகளில் சிறு நீள்வட்ட இலைகள் மூன்று மூன்றாகக் காம்பில் தெரிந்தால் அதுதான் கலந்திருக்கிறது.

*

சேமிப்பில்தான் நல்ல புல்லும் கெடுகிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அட்டைப்பெட்டி, பருத்திப் பை போதும். தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

புது மூட்டைக்கு ஒரே நாளில் மாறாதீர்கள், சில விலங்குகள் வாயே வைக்காது. பழையது தீரப் பத்து நாள் இருக்கும்போதே வாங்கி, முதலில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு என்று கலந்துகொண்டே போங்கள். பாதி நாளுக்கு மேல் எதையுமே தின்னாமல் கிடந்தால், புல்லைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.