ஐந்தாம் மாதத்தில் ரத்தக்கசிவு: கடலூர், புதுச்சேரி தோழிகள் உதவுங்கள்

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். என் நாத்தனாருக்கு ஐந்தாம் மாதம். திங்கட்கிழமை காலையில் பாத்ரூம் போனபோது உள்ளாடையில் சிவப்பாகக் கறை, வலி துளியும் இல்லை. உடனே டாக்டரிடம் ஓடினோம் (இங்கே கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை, திட்டாதீர்கள்).

தொற்று, கருப்பை வாயில் சதை வளர்ச்சி எதுவும் இல்லை. ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. நஞ்சுக்கொடிதான் கருப்பை வாயை ஒட்டிக் கீழே இருக்கிறதாம். கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே ஏறிவிடும், 32 வாரத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாது. அவள் ஓ நெகடிவ், அவள் கணவர் பாசிடிவ். அதனால் அவள் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் இருக்க ஆன்டி-டி ஊசியும் போட்டாயிற்று. என் மாமியார் மட்டும் இன்னும் பப்பாளியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்!

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது: இதே மாதிரி இருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவர்கள் யாராவது உண்டா? இங்கிருந்து ரெஃபரல் கடிதம் வாங்கிப் போக வேண்டுமா, எந்தக் கிழமை போகலாம்? அப்புறம், கடலூர், புதுச்சேரி பக்கம் ஓ நெகடிவ் ரத்தம் கொடுக்கக்கூடியவர்கள் இன்பாக்ஸில் சொல்லிவையுங்கள். திடீரென ரத்தம் அதிகமானால் 108-ஐக் கூப்பிட்டுவிடுவோம், ஆனால் அந்த நேரத்தில் ஆள் தேடி அலைய முடியாது.