2018 ஸ்விஃப்ட் என்கிறார்கள், ஏர்பேக்கைக் காணோம். ஏமாற்றுகிறார்களா?

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம். வீட்டில் 2003 மாருதி 800 ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கியது, ஏசி எப்போதோ செத்துவிட்டது, மற்றபடி ஓடுகிறது. தங்கச்சியை சேலத்தில் கட்டிக்கொடுத்த பிறகு மாதம் இரண்டு தடவையாவது தொப்பூர் கணவாயில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. அம்மாவை அந்த 800-ல் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது பக்கத்தில் டிரெய்லர் ஒன்று உறுமிக்கொண்டு இறங்கினால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. அதனால் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கிறேன், பட்ஜெட் நாலரை லட்சம்.

கிருஷ்ணகிரியில் புரோக்கர் ஒருவர் காட்டியது ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ, பெட்ரோல், ஒரே ஓனர், டிஎன் 24, ஆர்சியில் ஜனவரி 2018 பதிவு. நாலே கால் சொல்கிறார். "2018 ஸ்விஃப்ட்டா? எல்லா வண்டிக்கும் இரண்டு ஏர்பேக் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறார் சித்தப்பா. ஆனால் ஸ்டீயரிங்கில் சுசூகி சின்னம் மட்டும்தான் இருக்கிறது, ஏர்பேக் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. புரோக்கரிடம் கேட்டால், "உள்ளே இருக்கும் சார், வெளியே தெரியாது" என்று ஒரே போடாகப் போடுகிறார். யார் சொல்வதை நம்புவது?

ஓசூர்க்காரி:
உங்கள் சித்தப்பா சொல்வது தப்பில்லை, ஆனால் அவர் சொல்வது வேறு ஸ்விஃப்ட். பெயர் ஒன்றாக இருந்தாலும் வண்டி நான்கு. 2005-ல் வந்தது முதல் ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல். 2007-ல் டீசல் சேர்ந்தது, 2010-ல் பெட்ரோல் இன்ஜின் 1.2 ஆனது. 2011-ல் இரண்டாவது உருவம். 2018 பிப்ரவரியில் மூன்றாவது. 2024-ல் வந்தது நாலாவது, அதில் மூன்று சிலிண்டர் இன்ஜின், ஆறு ஏர்பேக். அடிமட்ட எல்எக்ஸ்ஐ வரைக்கும் எல்லா வேரியன்ட்டுக்கும் இரண்டு ஏர்பேக்கும், சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பிரேக்கும் கொடுக்கத் தொடங்கியது மூன்றாவதில்தான். அதற்கு முந்தைய எல்எக்ஸ்ஐயில், ஆப்ஷன் பேக் என்று காசு கட்டி வாங்கியிருந்தால் ஒழிய, ஏர்பேக் கிடையாது.

உங்கள் வண்டி ஜனவரி பதிவு. புதுசு விற்பனைக்கு வந்ததே பிப்ரவரியில். அப்படியென்றால் ஷோரூமில் மிச்சமிருந்த பழைய உருவத்தைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள், டிசம்பரில் வாங்கினால் தள்ளுபடி, ஜனவரியில் பதிவு செய்தால் "18 மாடல்" என்று சொல்லிக்கொள்ளலாம், இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஒரு வழி: பின் கதவின் கைப்பிடி முன் கதவில் இருப்பது போலவே நடுவில் இருந்தால் பழசு. கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் பட்டைக்குள் ஒளிந்திருந்தால் புதுசு. ஆர்சியிலேயே தயாரித்த மாதம் தனியாகப் போட்டிருக்கும், பதிவுத் தேதியை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

நாலுரோடு டாக்ஸி:
தம்பி, நான் தர்மபுரி ஸ்டாண்டில் 1989-லிருந்து அம்பாசடர் ஓட்டியவன். முன்னால் பெஞ்ச் சீட், டிரைவரோடு சேர்த்து நாலு பேர் உட்காருவோம், கியர் ஸ்டீயரிங் பக்கத்தில், டிம் அடிக்க இடது காலால் தரையில் பொத்தானை மிதிக்க வேண்டும். என் வண்டியில் பெல்ட்டே கிடையாது. சேலத்திலிருந்து ஏறி வரும்போது தொப்பூரில் பாதி மேட்டிலேயே ரேடியேட்டர் கொதித்துவிடும், டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர், மூடியைத் திறக்க ஒரு ஈரச் சாக்கு. 1992-ல் இஸுசு 1800 இன்ஜினும் ஐந்து கியரும் போட்டு வந்த பிறகுதான் நிற்காமல் மேலே வந்தேன். அதற்கும் பெயர் அம்பாசடர்தான், அந்த ஓசூர்த் தங்கச்சி சொல்வது அன்றைக்கே இருந்தது.

இப்போது இன்னோவாவையே பாருங்கள். 2005-ல் வந்தது சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் பாடி, பின் சக்கரம் இழுவை, டீசல். ஹைக்ராஸ் என்று இப்போது வருவது முன் சக்கரம், சேசிஸ் தனியாகக் கிடையாது, டீசலும் கிடையாது. வாங்க வருகிறவர் "இன்னோவாதானே" என்கிறார். ஏர்பேக் இல்லாமலே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன், எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு, வண்டி உன் கையில் இருக்கும்.

பாலக்கோடு பட்டறை:
அண்ணா சொன்ன கியர் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் நீங்கள் ஒழுங்காக இறங்கினாலும் பின்னால் வருகிறவன் நியூட்ரலில் வந்தால் என்ன செய்வீர்கள் அண்ணா? ஏர்பேக் அதற்குத்தான். ஏபிஎஸ்ஸைப் பலர் வண்டி சீக்கிரம் நிற்பதற்கு என்று நினைக்கிறார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிப்பதுதான் அதன் வேலை, அதனால் மழையில் பிரேக்கை முழுசாக மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒதுங்க முடியும். 800-ல் அதே இடத்தில் சக்கரம் பூட்டி நேராகவே சறுக்கும்.

காவேரிப்பட்டணம் நண்பருக்கு: சாவியை ஆன் போடுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். மீட்டரில் ஏபிஎஸ் என்று ஒரு விளக்கும், உட்கார்ந்த ஆளுக்கு முன்னால் பந்து வைத்த மாதிரி ஒரு விளக்கும் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஒன்று அந்த வசதியே இல்லை, இல்லையென்றால் எதையோ மறைக்கிறார்கள். ஏர்பேக் வெடித்த வண்டிக்கு வெறும் மூடியை மாட்டி என் பட்டறைக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள், அடியில் தைத்த துணிச்சீட்டில் தேதி இருக்கும். வண்டி தயாரித்த மாதத்துக்குச் சற்று முன்னால் இருப்பது வழக்கம். பெல்ட்டின் தேதி வண்டியைவிடப் புதுசாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

ஓசூர்க்காரி:
இன்னொன்று, எந்த கம்பெனி வண்டியானாலும் 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரானதில் டிரைவர் ஏர்பேக், பின்னால் பார்க்கிங் சென்சார், பெல்ட் போடாவிட்டால் கத்துவது, 80-ஐத் தாண்டினால் பீப், எல்லாம் கட்டாயம். ஏபிஎஸ் அந்த வருடம் ஏப்ரலிலிருந்தே. பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2022 தொடங்கியபோதுதான். அம்மா முன்னால் உட்காருவார் என்றால் இதைக் கவனியுங்கள். சாண்ட்ரோ என்று யாராவது காட்டினாலும் இதே கதைதான், 1998-ல் வந்த உயரமான சாண்ட்ரோ வேறு, 2018 அக்டோபரில் திரும்பி வந்தது வேறு. பின்னதில் ஏபிஎஸ்ஸும் டிரைவர் ஏர்பேக்கும் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு, பக்கத்து சீட்டுக்கு மேல் வேரியன்ட்டில்தான்.

காவேரிப்பட்டணத்தான்:
நேற்று சாயங்காலம் திரும்பப் போய்ப் பார்த்தேன். பின் கதவுக் கைப்பிடி நடுவில்தான். சாவி போட்டால் இரண்டு விளக்கும் எரியவில்லை. ஆர்சியில் தயாரிப்பு 10/2017. பெல்ட் சீட்டும் 2017 என்கிறது, ஆக வண்டி அடிபட்டதாகத் தெரியவில்லை, வெறும் பழைய உருவம். புரோக்கர் முகம் மாறாமல் "அதனால்தான் சார் நாலேகால், இல்லையென்றால் ஐந்து சொல்லியிருப்பேன்" என்றார்! மூன்று ஐம்பதுக்குத் தருகிறேன் என்று கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஊத்தங்கரையில் 2019 செப்டம்பர் தயாரிப்பு சாண்ட்ரோ ஒன்று இருக்கிறதாம், மேல் வேரியன்ட் என்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பாலக்கோடு அண்ணன் கூட வர முடியுமா? பெட்ரோலும் மதியச் சாப்பாடும் என் செலவு.

பாலக்கோடு பட்டறை:
பத்து மணிக்கு மேல் என்றால் வருகிறேன். நாம் போவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள், இன்ஜினைக் குளிர்ந்தபடியே பார்க்க வேண்டும்.