‘விசைவில் காப்பு’: உடன்வந்ததா, ஆலையதா, புறச்செய்யா?

கிளிநொச்சியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தொகுக்கும் சுடுகலன் உறுப்புப் பட்டியலில், விரல் இழுக்கும் உறுப்பைச் சுற்றியுள்ள வளையத்துக்கு (trigger guard) ‘விசைக்காப்பு’ என்று இருப்பதை மாற்றவேண்டும். உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற பிள்ளை அதை உந்தக் காப்பு, சக்திக் காப்பு வரிசையில் இன்னொரு விதி என்றுதான் எடுக்கும். துவக்கில் விரல் இழுக்கும் உறுப்புக்கு வன்னியில் ‘விசைவில்’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ஆகவே ‘விசைவில் காப்பு’. கையில் போடுவதும் காப்புத்தானே. விரல் நுழையும் அந்த வளைவைக் கண்டவருக்கு மேல் விளக்கம் வேண்டாம். ‘வில்’ சுருளையும் குறிக்கும் என்று யாரும் மறுத்தால், உள்ளே இருக்கும் சுருளை ‘விசைவிற்சுருள்’ என்று தனியே பிரித்துவிடலாம்.

அடுத்தது, துவக்கு ஆலை செய்ததற்கு ‘அசல் காப்பு’, வெளியார் செய்ததற்கு ‘போலிக் காப்பு’ என்று பட்டியல் பிரிப்பது. இது பெரிய பிழை. தன் பெயரைப் பொறித்து விற்கும் வெளித் தயாரிப்பாளர் போலி செய்யவில்லை. ‘பிற்சந்தை’ (aftermarket) என்ற மாற்றும் எனக்கு உடன்பாடில்லை, எங்கள் காதில் அது பின்னேரச் சந்தையாக விழும். ‘ஆலைக்காப்பு’, ‘புறச்செய் காப்பு’ என்று போடலாமா? ‘புறக்காப்பு’ என்று சுருக்கினால் வெளிப்புறத்தைக் காப்பது என்றாகிவிடும், ‘செய்’ விடுபடக்கூடாது.

முல்லைத்தீவிலிருந்து:

அண்ணை, ‘விசைவில் காப்பு’ சரி. ஆனால் இரண்டாகப் பிரித்தால் வேலை பிழைக்கும் இடமே மறைந்துபோகும். பழைய ஜெர்மன் படைத்துவக்கான மௌசர் 98 ஐ வேட்டைத் துவக்காக மாற்றுகிறவர் முன் மூன்று வகைக் காப்பு வரும்: அந்தத் துவக்கோடேயே வந்தது, வேறொரு மௌசரில் கழற்றியது, வெளியார் புதிதாகச் செய்தது. நடுவில் உள்ளதும் ஆலையில் செய்ததுதான், ஆனாலும் பொருந்தாமல் போகலாம். முழுநீள 98 இல், காப்பைத் துவக்கின் உடலோடு (குழல் பொருந்தும் உருக்குப் பகுதி, receiver) பிணைக்கும் முன் ஆணிக்கும் பின் ஆணிக்கும் இடைத்தூரம் 7.835 அங்குலம், அதாவது 199 மி.மீ. மௌசர் வகையான யூகோஸ்லாவிய எம்48 இன் உடல் இடைநீளம், அதாவது சற்றுக் குட்டை. அதில் இந்தத் தூரம் ஏறக்குறையக் கால் அங்குலம் குறைவு. ‘ஆலையதுதானே’ என்று நம்பித் துளையை அராவி ஆணியை நுழைத்தால் ஆணி சரிந்து நிற்கும், இறுக்க இறுக்க உடலை இழுக்கும். அதனால் முதல் வகைக்கு ‘உடன்வந்த காப்பு’ என்று ஒரு தலைச்சொல் வேண்டும், ‘ஆலைக்காப்பு’ நடுவில் உள்ளதற்கு மட்டும் நிற்கட்டும்.

இன்னொன்று. மௌசரில் காப்பு வளையமும் ரவைக்கூடும் ஒரே உருக்குத் துண்டு. ‘காப்பு மாற்றினார்’ என்றால் கூட்டையும் மாற்றினார் என்றே பொருள். மௌசரின் பழைய 8×57 ரவையின் உச்ச நீளம் 82 மி.மீ., அமெரிக்க .30-06 ரவையினுடையது 84.84 மி.மீ. குழலை .30-06 க்கு மாற்றிவிட்டுப் பழைய படைக்கூட்டையே வைத்தால் ரவைமுனை முன்சுவரில் இடிக்கும். நீளக் கூட்டோடு வரும் புறச்செய் காப்பை இங்கே தயங்காமல் எடுக்கலாம். கூட்டின் அடியை மூடும் தகடான அடிமூடியிலும் அதற்கு ஒரு வசதி உண்டு: படைத்துவக்கில் சிறு துளைக்குள் ரவைமுனையை அழுத்தித்தான் மூடியைக் கழற்றவேண்டும், புறச்செய்யில் பிணைச்சல் வைத்த மூடி வரும். கொளுக்கி தளர்வாக இருந்தால் சுடும்போது வரும் பின்னுதைப்பில் மூடி திறந்து ரவை முழுவதும் நிலத்தில் கொட்டும், அதை வாங்கும்போதே சோதிக்கவேண்டும். அலுமினியக் காப்பு பாரம் குறைவு, ஆனால் உருக்குக்குப் போடும் நீலப்பூச்சு அதில் ஏறாது.

பொருத்தும் முறையை விளக்கக் குறிப்பில் இப்படி எழுதலாம்: துவக்கு வெறுமையா என்று முதலில் பார். இரு ஆணியையும் இறுக்கு. கூட்டின் மேல்விளிம்புக்கும் உடலின் அடிக்கும் இடையே ஒரு தாள் நுழையவேண்டும். நுழையாவிட்டால் உடல் மரத்தில் அமரவில்லை, கூட்டில் அமர்ந்திருக்கிறது. கூட்டின் விளிம்பை அராவு, உடலைத் தொடாதே. பிறகு உடலின் வாலும் (பின்னே நீளும் நுனி) மரமும் சேரும் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு பின் ஆணியை மெல்லத் தளர்த்து. வால் விரலடியில் எழும்பினால், அதுவரை உடல் வளைந்து நின்றிருக்கிறது. பின் ஆணியைச் சுற்றி மரத்துக்குள் இருக்கும் உருக்குக் குழாய் தொலைந்திருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்: ஆணி மரத்தை நசுக்கிக்கொண்டே போகும்.

மாங்குளத்திலிருந்து:

தம்பி சொன்ன மூன்று தலைச்சொல்லுக்கும் என் சம்மதம். வரைவிலக்கணத்தில்தான் திருத்தம். ‘தற்செயலாக விசைவில் இழுபடாமல் காக்கும் வளையம்’ என்று மட்டும் எழுதினால் மௌசருக்குப் போதும். அதன் விசைவில் துவக்கின் உடலில் தொங்குகிறது. பிரித்தானியப் படைத்துவக்கான லீ-என்ஃபீல்ட் 1 ஆம் இலக்கத்திலும் (No. 1) 4 ஆம் இலக்க முதற்குறியிலும் (No. 4 Mk 1) விசைவில் காப்பிலேயே தொங்குகிறது. காப்பை மாற்றினால் விசைவில்லின் இழுப்பும் மாறும். மரம் சுருங்கினாலும் மாறும், காப்பு உடலை நெருங்கிவிடுவதால். 4 ஆம் இலக்க இரண்டாம் குறியில்தான் விசைவில்லை உடலுக்கு மாற்றினார்கள். ஆகவே ‘சில துவக்குகளில் விசைவில்லைத் தாங்கும்’ என்று சேர்க்கவேண்டும். அத்தகைய துவக்கில் எந்த வகைக் காப்பு என்றாலும் பொருத்தியபின் இழுப்பைச் சரிபார்க்காமல் விடக்கூடாது.

‘அடிமூடி’ நல்ல சொல். பழைய பட்டியலின் ‘தரைத்தட்டு’ போகட்டும். பின் ஆணியின் குழாய்க்கு ‘தாங்குகுழல்’ என்று யாரும் போடவேண்டாம், ‘குழல்’ ரவை போகும் வழிக்கு உரியது. ‘தாங்குகுழாய்’ என்று பதியுங்கள்.