பிளஸ் ஒன்னில் புதுப் பள்ளி: பாடத்தைவிட மதிய இடைவேளைதான் கஷ்டம்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். சுற்று வட்டார உயர்நிலைப் பள்ளிகளில் பத்தாவது முடித்த பிள்ளைகள் டி.சி.யோடு எங்களிடம் வருவார்கள். ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் பயாலஜி, காமர்ஸ், பாலிடெக்னிக் என்று ஆளுக்கொரு பக்கம் போகிற வருடம் அது.

அப்படித் தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு வந்தான் ஒரு பையன். பத்தாவதில் நல்ல மார்க். கொஞ்ச நாளிலேயே காலையானால் வயிற்றுவலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. “லீவு நாள்ல வலிக்கறதே இல்ல டீச்சர், நடிக்கிறான்” என்றார் அவன் அப்பா. எனக்கு அதைக் கேட்டதும்தான் பயம் வந்தது. மனப் பதற்றத்தில் வரும் வயிற்றுவலி நிஜமான வலி. பள்ளிக்கூட நாளில் மட்டும் வருகிறது என்றால் காரணமும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது.

திரும்பத் தமிழ்வழிக்கே மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டேன். “பாடம் சமாளிச்சுருவேன் டீச்சர். மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிடறதுன்னுதான் தெரியல.” டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். இடைவேளை முழுக்க சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருக்கிறான்.

பதினைந்து வயதில் அந்த முக்கால் மணி நேரம் எவ்வளவு நீளம்! வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார், இடம் இருக்கிறது. மதியம் எதுவுமில்லை.

அவனுக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அதே பஸ்ஸில் வருகிற இரண்டு பையன்களோடு சேர்த்து, மதியம் நூலகப் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிற வேலை கொடுத்தேன். சாப்பாடு வராந்தாவில், மூவரும் சேர்ந்து. காலாண்டுத் தேர்வுக்குள் வலி நன்றாகக் குறைந்தது. முழுதாகப் போய்விடவில்லை. திங்கட்கிழமைகளில் இன்னும் முகம் வாடித்தான் வருகிறான்.

—

இதைப் படித்த ஒரு பெற்றோர் எழுதியது: டீச்சர், எங்கள் மகளுக்கு ஒன்பதாவதில் நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு மாற்றம். அவள் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்ததில் வாயே திறப்பதில்லை. ராத்திரி ஊர்த் தோழிகளோடு போனில் பேசுவதைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு இருப்பதே அவர்கள்தானே. தூக்கமும் சாப்பாடும் கெட்ட பிறகு 14416க்குக் கூப்பிட்டோம். அரசின் டெலி மனஸ் என்கிற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் நான்தான் பேசினேன். அடுத்த தடவை போனை அவளே வாங்கிக்கொண்டாள்.