பாங்காக்கில் ஓர் இரவு: வேட்டியோடு 63வது மாடிக்குப் போகலாமா?

வைகைக்கரையான் எழுதியது:

வரும் நவராத்திரியின்போது நாங்கள் மூவர் பாங்காக் செல்கிறோம். ஒருநாள் மாலை சிலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலில் வழிபட்டுவிட்டு, அதே சாலையின் ஆற்றுப்பக்கக் கோடியில் நிற்கும் ஸ்டேட் டவர் வரை நடந்துபோய், 63வது மாடியின் திறந்தவெளி பாரில் அமர்ந்து சாவோ பிராயா ஆற்றைப் பார்ப்பதாகத் திட்டம். அம்மனைக் கும்பிட்ட கையோடு மதுவா என்று கேட்க நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் அருந்தப்போவது எலுமிச்சைச் சாறு.

சென்ற முறை அந்நகரில் வேறொரு மொட்டைமாடி பாரின் வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். நல்ல தோல் செருப்பு அணிந்திருந்தேன். விரல்கள் வெளியே தெரிகின்றன என்று காரணம் சொன்னார்கள். எனக்கு முன்னால் சென்ற பெண்மணியின் பத்து விரல்களும் வெளியே தெரிந்தன; அவரை வணங்கி உள்ளே அனுப்பினார்கள். இம்முறை விமானத்தில் ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டுமே. ஓர் இரவின் இரண்டு மணி நேரத்திற்காக ஷூவையும் பேண்டையும் சுமந்துபோக எனக்கு மனமில்லை. சலவை செய்த வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் எங்கள் ஊரில் திருமணத்திற்கும் சட்டமன்றத்திற்கும் போதுமான உடை. அது ஏன் ஒரு பாருக்குப் போதாது?

சாலைமறவன் எழுதியது:

ஐயா, நான் பாங்காக்கில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்கள் வேட்டியின் மதிப்பை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால், உயர்மாடி பார்களில் ஆண்களுக்குப் பொதுவாக மறுக்கப்படுபவை எவை என்பது ஊரறிந்தது: ஷார்ட்ஸ், கையில்லாத பனியன், விளையாட்டுச் சீருடை, கிழிசல் உடை, விரல் தெரியும் செருப்பு. பெரிய முதுகுப்பையையும் சில இடங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இது அவர்கள் வீட்டு வழக்கம். நம் வீட்டிற்குள் ஷூவோடு வருபவரை நாம் தடுப்பதில்லையா? கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் மறுபேச்சின்றிக் கழற்றுகிறவர், பார் வாசலில் ஷூ போடச் சொன்னால் மட்டும் ஏன் கோபப்படவேண்டும்?

தாய் மொழியில் 'ரியாப் ரோய்' என்றொரு சொல் உண்டு. ஒழுங்கு, அடக்கம், சுத்தம் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். உடை விலை உயர்ந்ததா என்று இங்குள்ளவர்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை; ரியாப் ரோயாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். 2016 அக்டோபர் 13 அன்று மன்னர் பூமிபோல் மறைந்தபோது, கறுப்புத் துணி வாங்க இயலாதவர்களுக்காகத் தெருவோரத்தில் அண்டாக்களில் சாயம் காய்ச்சி, பழைய சட்டைகளை இலவசமாகக் கறுப்பாக்கிக் கொடுத்தார்கள். உடையை அவ்வளவு கருத்தாக எடுத்துக்கொள்ளும் ஊர் இது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சாலைமறவன் சொல்லும் 'வீட்டு வழக்கம்' எந்த வீட்டின் வழக்கம் என்பதையும் பார்க்கவேண்டும். சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டு ஆண்களும் பெண்களும் நெடுங்காலம் அணிந்தது சோங் கிராபென். நீண்ட துணியை இடுப்பில் சுற்றி, முன்பக்க முனையைச் சுருட்டிக் கால்களுக்கிடையே கொண்டுபோய்ப் பின்னிடுப்பில் செருகுவது. பஞ்சகச்சம் கட்டத் தெரிந்தவருக்கு அதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. 1939க்கும் 1942க்கும் இடையே அன்றைய பிரதமர் பிபுன் சோங்கிராமின் அரசு 12 பண்பாட்டு ஆணைகளை வெளியிட்டது. அவற்றுள் 1941 சனவரியில் வந்த 10வது ஆணை உடையைப் பற்றியது. பொது இடத்தில் உள்ளாடையுடன் மட்டும் வருவதும், சட்டையின்றி வருவதும், முனை தொங்கத் துணி சுற்றி வருவதும் தகாத உடை என்று அது வகுத்தது. மேற்கத்திய முறையிலான உடை 'நாகரிகம்' ஆயிற்று. இன்று வாட் அருண் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் அதே சோங் கிராபெனைச் சுற்றுலாப் பயணிகள் வாடகைக்கு எடுத்து அணிந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பகலில் அழகாகத் தெரிகிற துணி இரவில், மாடியில் மட்டும் ஏன் உறுத்தவேண்டும்? மாடி பாரின் உடை விதிக்கும் ரியாப் ரோய்க்கும் நான் தொடர்பு காணவில்லை. அது உலகெங்கும் உள்ள விலை உயர்ந்த விடுதிகளின் விதி. பாங்காக்கில் நடப்பதால் தாய் மரபு ஆகிவிடாது.

வைகைக்கரையான் எழுதியது:

ஏட்டுச்சுவடியாருக்கு நன்றி. இதே சிக்கல் நம் ஊரிலும் வந்ததே. 2014 சூலையில் சென்னைச் சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க மன்றத்திற்கு நூல் வெளியீட்டு விழாவுக்காக வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. உடையைக் காரணம் காட்டித் தடுத்தால் மன்றத்தின் உரிமம் போகும்; ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தச் சட்டம் வரும்வரை 'வீட்டு வழக்கம்' என்றுதான் அங்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சாலைமறவன் எழுதியது:

அச்சட்டத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள், ஐயா. அது காப்பது வேட்டியையும் பிற இந்திய மரபுடைகளையும் மட்டுமே. தாய் நாட்டவர் ஒருவர் சோங் கிராபென் கட்டிக்கொண்டு சேப்பாக்கம் வந்தால் அவருக்கு அதில் இடமில்லை. நம் சட்டமே அடுத்த நாட்டு உடையைக் கணக்கில் கொள்ளாதபோது, நம் வேட்டியை அவர்கள் அறிந்துவைத்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயம்? 1941ஆம் ஆண்டு ஆணையைப் பொறுத்தவரை, அதை எழுதியவர்கள் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. மின்தூக்கி அருகே நிற்கும் இளைஞருக்கு அதெல்லாம் தெரியாது. மேலாளர் கொடுத்த பட்டியல்தான் தெரியும். அந்தப் பட்டியலில் வேட்டி என்ற சொல் இருக்காது. இல்லாத ஒன்றை அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பொறுப்பை, மாலை ஏழு மணிக் கூட்டத்தில், அவர் தலையில் கட்டுகிறீர்கள். முன்பே மின்னஞ்சல் அனுப்பி, வேட்டி கட்டிய படத்தையும் இணைத்து, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய உடை என்று சொல்லிக் கேட்டால் ஒப்புக்கொள்ளவும் கூடும்.

மல்லிப்பந்தல் எழுதியது:

மூன்று ஆண்கள் வேட்டியையும் பேண்டையும் பற்றியே இத்தனை நேரம் பேசிவிட்டீர்கள். அக்டோபர் பாங்காக்கில் மழைக்காலத்தின் கடைசி மாதம் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மாலையில் அரைமணி நேரம் கொட்டினால் போதும், சிலோமின் நடைபாதைக் கற்களுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, மிதித்தவர் முழங்கால் வரை பீய்ச்சி அடிக்கும். வெள்ளை வேட்டி என்ன ஆகும்? சாலைமறவன் சொல்லும் தோல் ஷூவும் ஒரே மழையில் பாழாகும்.

நான் இருமுறை இதே வழியில் போயிருக்கிறேன். கணுக்கால் வரையிலான கருநீல நூல் பலாசோ, முக்கால் கை குர்தா, கைப்பையில் ஒரு மெல்லிய துப்பட்டா, காலில் பின்வாருள்ள தட்டைச் செருப்பு. கோயிலுக்கு இது போதும். தோளும் முழங்காலும் மூடியிருக்கும். தாய் மக்கள் 'வாட் கேக்' என்று அழைக்கும் அந்தக் கோயிலில் நம்மைவிட அவர்கள் கூட்டம்தான் அதிகம். வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும் என்பதால் நாடா கட்டும் ஷூ வெறும் தொல்லை. தூண்கள்மேல் ஓடும் நகர ரயிலில் குளிர்சாதனம் எலும்பைத் தொடும்போது துப்பட்டா உதவும். மாடியில் வேறு விதமான துன்பம்: காற்று. 63வது மாடியின் திறந்தவெளியில் லேசான பாவாடையும் வேட்டியும் படும் பாட்டை ஒருமுறை கண்டால் இந்த விவாதம் பாதியில் நின்றிருக்கும். ஐயா, அந்த உயரத்தில் ஒரு கையால் எலுமிச்சைச் சாற்றையும் மறு கையால் வேட்டியையும் பிடித்துக்கொண்டு நின்றால் ஆற்றை எப்போது பார்ப்பீர்கள்?

விரல்களைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் முழு உண்மை. பெண்ணின் திறந்த செருப்பு அலங்காரமாகவும் ஆணின் திறந்த செருப்பு அலட்சியமாகவும் எண்ணப்படுகின்றன. இதற்கு யாரும் எனக்கு இன்னும் காரணம் சொன்னதில்லை. அதே வேளையில் ஒரு பெண் அங்கே நாலரை அங்குலக் குதிகால் ஷூவுடன் ஈரப் படிகளில் இறங்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

காற்றைப் பற்றி எனக்குத் தோன்றவேயில்லை. பஞ்சகச்சம் பறக்காது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வைகைக்கரையான் எழுதியது:

மல்லிப்பந்தல் அவர்களே, சிரித்துவிட்டேன். வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி உங்கள் பக்கம் சேர்ந்துவிட்டார்.

விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், பஞ்சகச்சம் கட்டிய படத்துடன். மறுத்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய பேண்ட் இருக்கிறது, சுருட்டி வைத்தால் துண்டளவு இடம்தான் பிடிக்கும். கோயிலில் வேட்டி, பிறகு உணவகக் கழிவறையில் மாற்றிக்கொள்வேன். ஆனால் ஷூவை மட்டும் சுமக்கமாட்டேன். அதனால் என்னை மேலே விடவில்லையென்றால், நண்பர்கள் இருவரும் ஆற்றை மாடியிலிருந்து பார்க்கட்டும். நான் படகேறி, சீனர் பகுதியான யாவராத் போய், பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து, செருப்புக் காலோடு கடல் உணவு சாப்பிட்டுக்கொள்கிறேன். அங்கே யாரும் என் விரல்களை எண்ணமாட்டார்கள்.

சாலைமறவன் எழுதியது:

யாவராத்துக்கு நானும் வருகிறேன். அது வேறொரு இரவில் இருக்கட்டும். என் வீடு சுரசாக் நிலையத்திற்கு அருகில்தான், கோயிலிலிருந்து நடக்கும் தொலைவு. கறுப்பு ஷூ ஒன்று சும்மா கிடக்கிறது, நாடா இல்லாதது. கோயில் முடிந்ததும் வந்து மாட்டிக்கொண்டு போங்கள். என் அளவு எட்டு. உங்களுக்கு?

வைகைக்கரையான் எழுதியது:

ஒன்பது.